போட்டோவில் பார்த்த வெள்ளிக்காசு

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெருவுல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். பேரு ஜெயசித்ரா. கண் டெஸ்ட் பண்றது, லென்ஸ் போடுறது, ஃப்ரேம் உடைஞ்சா ஒட்டித் தர்றது, இதெல்லாம் பிழைப்பு. பழைய வெள்ளிக்காசு பார்க்கிறது கிறுக்கு. ரெண்டுக்கும் ஒரே பூதக்கண்ணாடிதான்.

வாட்ஸ்அப்ல எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துலேயும் பழைய காசு சேர்க்கிறவங்க, இருநூத்துச் சொச்சம் பேர். யார் கைக்காவது ஒரு காசு வந்தா முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்துப் போடுவாங்க. கீழ "மேடம், கிரேடு சொல்லுங்க"ன்னு ஒரு வரி இருக்கும். கிரேடுன்னா வேற ஒண்ணுமில்ல, அந்தக் காசு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்துப் போடுற மார்க்கு. அச்சடிச்ச அன்னைக்கு இருந்தபடியே இருந்தா முதல் இடம். அதுக்குக் கீழ எக்ஸ்ட்ரா ஃபைன், வெரி ஃபைன், ஃபைன். இன்னும் கீழ போனா வெரி குட், குட். 'குட்'னு நான் சொன்னதும் நல்ல காசுன்னு நினைச்சு வூட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போன ஆளு ஒருத்தர் இருக்கார். அது கடைசி பெஞ்சுங்க. மூஞ்சி எது, முதுகு எதுன்னு தெரிஞ்சாலே அந்தக் காசுக்குப் பெருசு.

போட்டோவைப் பார்த்து கிரேடு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. உள்ளங்கையில வச்சு எடுப்பாங்க, காசை விட கைரேகை நல்லாத் தெரியும். பூப்போட்ட பெட்ஷீட் மேல வச்சு எடுப்பாங்க. ஃபிளாஷ் போட்டு எடுத்து, நடுவுல வெள்ளையா ஒரு வட்டம் மட்டும் தெரியிற மாதிரி அனுப்பிட்டு "என்ன விலை போகும் மேடம்?"னு கேப்பாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறும். "ஜன்னல் ஓரமா வச்சு, சாய்வா விழுற வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் என்கிட்ட பேசாத"ன்னு வாய்ஸ் போட்டுவிடுவேன். என் வாய்ஸ் மெசேஜுக்குன்னு குரூப்புல ஒரு கூட்டமே இருக்கு. பாடாலூர்ல டயர் கடை வச்சிருக்கிற மதுரைவீரன், திட்டு வாங்கணும்னே மங்கலா எடுத்துப் போடுவார். நான் ஃபைன்னா அவர் வெரி ஃபைன்பார். நான் கிழக்குன்னா அவருக்கு மேற்குதான்.

ஆனா ஆறு வருஷத்துல என் கிரேடு தப்புன்னு யாரும் காட்டினது கிடையாது. அந்தத் திமிரு எனக்கு இருந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன்.

போன வைகாசியில ஒருநாள் காலைல, குரூப்புல போடாம எனக்குத் தனியா ரெண்டு போட்டோ வந்துச்சு. "வணக்கம் மேடம், வேப்பந்தட்டைலேர்ந்து வளர்மதி. தையல் கடை வச்சிருக்கேன். இந்த ரெண்டுக்கும் கிரேடு சொல்லுங்க." ரெண்டுமே விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு ரூபாய், ஆயிரத்து எண்ணூத்து அறுபத்திரெண்டு. அந்த வருஷத்துக் காசு நம்ம பக்கம் நிறையவே கிடைக்கும்.

அதுல எங்க பார்க்கணும்னு எனக்கு மனப்பாடம். கிரீடத்துல இருக்கிற புள்ளிகள், காதுக்கு மேல படியிற முடி, பின்னலோட இழைகள், சட்டையில இருக்கிற பூ வேலை. மேடா இருக்கிற இடம்தானே முதல்ல தேயும். முதல் போட்டோ ஏதோ பழைய செல்போன்ல எடுத்தது, காசு ஒரே பழுப்பு. முடியெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து மொழுமொழுன்னு இருந்துச்சு. சட்டையில பூ இருந்த அடையாளமே இல்ல. ரெண்டாவது போட்டோவுல காசு பளிச்சுன்னு இருந்துச்சு, முடியை இழை இழையா எண்ணலாம். கூடவே மெல்லிசா கீறல் கோடுகள். யாரோ பிரஷ் போட்டுத் தேச்சிருக்காங்க.

"முதல் காசு ஃபைன். ரெண்டாவது எக்ஸ்ட்ரா ஃபைனுக்குப் பக்கத்துல வரும், ஆனா கழுவின காசு"ன்னு எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்துச்சு. "முதல் போட்டோ எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. ரெண்டாவது முந்தாநாள் எடுத்தது. ஒரு காசு இடையில இப்படித் தெளிவாகுமா மேடம்?"

ஏன் கேக்குறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அப்ப ஒருத்தருக்கு ஃப்ரேம் வளைச்சுக்கிட்டு இருந்தேன், கை வேலையில இருந்துச்சு, வாய் சும்மா இருந்துச்சு. வாய்ஸ் போட்டேன். "அது எப்படிம்மா ஆகும்? காசு தேயும், வளராது. தேஞ்ச முடி திரும்ப முளைக்கிறதுக்கு ராணி என்ன மூலிகை எண்ணெயா தேச்சா? ரெண்டும் வேற வேற காசு. எந்தச் சபையில வேணாலும் வந்து சொல்லுவேன்." அந்த எண்ணெய் விஷயம் எனக்கே பிடிச்சுப்போச்சு. அன்னைக்குப் பூரா நினைச்சு நினைச்சு சிரிச்சுக்கிட்டேன்.

நாலு நாள் கழிச்சு, பதினோரு மணி வாக்குல கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கையில ஒரு மஞ்சப்பை. கண்ணாடி போட வந்திருக்காங்கன்னு நினைச்சு டெஸ்ட் பண்ற சேர்ல உட்கார வச்சேன். கிட்டத்துல தெரியலையா, தூரத்துல தெரியலையான்னு கேட்டேன். அவங்க போனை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினாங்க. "அது எப்படிம்மா ஆகும்?"னு என் குரல் என் கடைக்குள்ளேயே கேட்டுச்சு.

"இது நீங்களாங்க?"

"நான்தான். ஏன்?"

"நான் சுமதிங்க. எறையூர்லேர்ந்து வரேன். வளர்மதி அக்கா எனக்கு ஓரகத்தி. அந்தக் காசை நான்தான் மாத்திட்டேன்னு சொல்றாங்க."

எந்தக் காசு, என்ன விஷயம்னு கேட்டேன். அப்புறம் அவங்க நிதானமா சொன்னாங்க. எறையூர்ல அங்கன்வாடியில சமையல் வேலை பார்க்கிறாங்க. வூட்டுக்காரர் அறிவரசன் லோடு ஏத்துற வேலை. அறிவரசனோட அண்ணன் அரியமுத்து, அவர் சம்சாரம்தான் வளர்மதி. அண்ணன் தம்பியோட கொள்ளுத்தாத்தா காலத்துல வேலைக்குக் கூலி நெல்லுதான், காசு கண்ணுல காட்ட மாட்டாங்க. ஒரு தடவை அவர் கைக்கு ஒரு வெள்ளி ரூபாய் வந்திருக்கு. அவர் அதைச் செலவு பண்ணவே இல்ல. அதுலேர்ந்து பங்காளி வூட்டுல எந்தக் கல்யாணம்னாலும் அந்தக் காசுதான் தாம்பாளத்துல முதல்ல விழும். அடுத்த கல்யாணம் வர்ற வரைக்கும், கடைசியா கல்யாணம் நடந்த வூட்டுலேயே இருக்கும்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணினோம். காசு எங்ககிட்ட வந்துச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா பையனுக்குக் கல்யாணம். குடுத்து அனுப்பினேன். பார்த்ததும் இது நம்ம காசே இல்லைன்னுட்டாங்க. முதல்ல ரெண்டு பேர் என் பக்கம் பேசினாங்க. உங்க வாய்ஸை நாலு வூட்டுல போட்டுக் காட்டினதும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. எங்க காசோட வந்தா வா, இல்லாட்டி கல்யாணத்துக்கு வராதன்னு இந்தக் காசைத் திருப்பி அனுப்பிட்டாங்க." அதுவரைக்கும் நேரா இருந்த குரல் கொஞ்சம் இறங்குச்சு. "நேத்து எங்க வூட்டுக்காரரே கேக்குறாருங்க. நிஜமாவே வித்துட்டியா, எங்கிட்ட மட்டும் சொல்லுன்னு."

அந்த எண்ணெய்ப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் திமிரு சும்மா இருக்குமா? போட்டோ பொய் சொல்லாதுன்னுதான் மனசு சொல்லுச்சு. "காசைக் காட்டுங்க"ன்னேன். கைக்குட்டையைப் பிரிச்சு நீட்டினாங்க.

பூதக்கண்ணாடியைக் கண்ணுல வச்சேன். நல்ல காசு. பிரஷ் கீறல் மேல ஓடுது. அதைத் தாண்டி, ராணியோட பின்னல் இழைகளுக்கு நடுவுல ஏதோ வெளிர் மஞ்சளா அடைஞ்சிருந்துச்சு. அழுக்குன்னா கறுப்பா இருக்கணும். இது என்ன மஞ்சள்? பல்குச்சியால லேசா நெம்பினேன். கடுகுல கால்வாசி ஒரு துணுக்கு வெள்ளைத் தாள் மேல விழுந்துச்சு. நகத்தால நசுக்கினா மாவாயிடுச்சு. மோந்து பார்த்தேன்.

"இந்தக் காசுக்குச் சந்தனம் வைப்பீங்களா?"

"நான் வைக்கிறதில்லைங்க, பொட்டு மட்டும்தான். அக்கா வூட்டுல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தனமும் மஞ்சளும் குழைச்சுப் பூசுவாங்க. அடுத்த வாரம் மேல மட்டும் கட்டைவிரலால துடைச்சுட்டு, அது மேலயே புதுசு பூசுவாங்க. எங்க நாத்தனார் கல்யாணம் அங்க நடந்ததுலேர்ந்து பதினாறு வருஷம் அவங்ககிட்ட இருந்துச்சு."

"கழுவ மாட்டாங்களா?"

சுமதி கீழ பார்த்தாங்க. "கழுவக் கூடாதுன்னு சொல்லுவாங்க. கழுவினா வூட்டுல தங்குற லட்சுமியும் தண்ணியோட போயிடுமாம். எனக்கு அது மேல அப்பியிருந்ததைப் பார்க்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. எங்கிட்ட வந்த முதல் வாரமே பூந்திக்கொட்டைத் தண்ணியில ரெண்டு நாள் ஊறப்போட்டு, பல்லு விளக்குற பிரஷ்ஷால தேச்சுட்டேன். அக்கா கேட்டப்ப பயந்துபோய் நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிட்டேன். அப்புறம் கழுவினேன்னு சொன்னா யாரு நம்புவா?"

வேற நேரமா இருந்தா பிரஷ் போட்டதுக்கு அவங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன். அன்னைக்கு என் மெசேஜைத்தான் எடுத்துப் பார்த்தேன். 'கழுவின காசு'ன்னு என் கையாலேயே எழுதியிருக்கேன். எதைக் கழுவினாங்கன்னு யோசிச்சேனா?

சந்தனம் பள்ளத்துல போய் அடைஞ்சா முடியும் பின்னலும் எப்படித் தெரியும்? எல்லாம் தேஞ்ச மாதிரிதான் இருக்கும். இது புத்திக்குப் புரிஞ்சாலும் கண்ணால பார்க்கணும்னு எனக்கு ஒரு அரிப்பு. என்கிட்டேயும் அதே வருஷத்துக் காசு ஒண்ணு இருக்கு. சாமி படத்துக்குக் கீழ இருந்த சந்தனப் பொடியில மஞ்சளும் ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டுக் குழைச்சு, அதுல அப்பினேன். ஃப்ரேமை இளக்குறதுக்கு அனல்காத்து மெஷின் ஒண்ணு கடையில உண்டு. அதுல காட்டிக் காய வச்சேன். கட்டைவிரலால துடைச்சுட்டு மறுபடி பூசினேன். சுமதியும் சேர்லேர்ந்து எழுந்து வந்து, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைங்க, அக்கா அப்படித்தான் துடைப்பாங்க"ன்னு பக்கத்துல நின்னு சொன்னாங்க. ஏழு பூச்சு. கண்ணாடி வாங்க வந்த ரெண்டு பேரை அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்.

டிராயர்ல கிடந்த பழைய போனை உசுப்பி, ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். "கிரேடு சொல்லுங்க"ன்னு கீழ ஒரு வரி. அஞ்சு நிமிஷத்துல பதினோரு பதில். ஒன்பது பேர் ஃபைன். ஒருத்தர் அதுக்கும் கீழ. கடைசியா மதுரைவீரன், "ஃபைன். அதுவும் உங்க முகத்துக்காகச் சொல்றேன் மேடம்"னு எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தக் காசை எக்ஸ்ட்ரா ஃபைன்னு சத்தியம் பண்ணி என்கிட்ட வித்ததே அவர்தான்.

சுமதி என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "அப்ப இது அதே காசுன்னு ஆயிடுச்சாங்க?"

"இல்லம்மா. அதே காசா இருக்கலாம்னுதான் ஆயிருக்கு. இன்னும் நிரூபணம் ஆகல."

அவங்க முகம் விழுந்துபோச்சு. பொய் சொல்லி இருக்கலாம், ஆனா நாலு நாளுக்கு முன்னாடி அவசரப்பட்டுப் பேசினதே போதும்னு இருந்துச்சு. வளர்மதி அனுப்பின ரெண்டு போட்டோவையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கினேன். சந்தனத்துக்கு மறையாத அடையாளம் ஏதாவது வேணும். கன்னத்துல தேடினேன், கழுத்துல தேடினேன், கிரீடத்துல தேடினேன். முதல் போட்டோவுல எல்லாம் மொழுமொழுதான். பத்து நிமிஷம் ஓடிப்போச்சு.

"இது என்னங்க, எலி கொறிச்ச மாதிரி?" சுமதி ஸ்கிரீன்ல விரலை வச்சாங்க. ராணியோட தலைக்குப் பின்பக்கம், 'குயீன்'னு இருக்கிற சொல்லோட முதல் எழுத்துக்கு நேர் மேல, விளிம்புல சின்னதா ஒரு வெட்டு. இடது பக்கம் சாஞ்சு, அடியில கொஞ்சம் அகண்டு.

ரெண்டாவது போட்டோவைப் பக்கத்துல வச்சேன். அதே எழுத்து, அதே சாய்வு, அதே அகலம். கையில இருந்த காசைத் திருப்பினேன். நகத்துல தட்டுப்பட்டுச்சு. வாராவாரம் கட்டைவிரல் வழிச்சு எடுக்கிற இடம் விளிம்புதான், அங்க சந்தனம் தங்கவே இல்ல. நான் அனுபவசாலி, நேரா ராணி முடிக்குப் போயிட்டேன். விளிம்பைப் பார்க்கவே இல்ல. ரெண்டு போட்டோவுலேயும் அந்த வெட்டு என்னைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. வெக்கமா இருந்துச்சு எனக்கு. ஆறு வருஷமா எத்தனை பேரை எப்படியெல்லாம் பேசியிருக்கேன்.

உடனே போனை எடுத்து வளர்மதிக்கு வாய்ஸ் போடப் போனேன். சுமதி கையைத் தடுத்துட்டாங்க.

"வேண்டாங்க. அழுது புலம்பிப் பேச வச்சிருப்பாள்னு சொல்லுவாங்க. எந்தச் சபையில வேணாலும் வந்து சொல்லுவேன்னீங்களே. வாங்க."

ஷட்டரை இறக்கினேன். பெரம்பலூர் போய், அங்கேர்ந்து வேப்பந்தட்டை பஸ். வழியெல்லாம் என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துக்கிட்டே போனேன். தப்புங்கிற வார்த்தையை எங்க வச்சாலும் இடறுச்சு.

வளர்மதி வூட்டு வாசல்ல பந்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வளர்மதி, அவங்க வூட்டுக்காரர் அரியமுத்து, சொந்தக்காரங்க ஏழெட்டுப் பேர். பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவர்தான் அறிவரசன்னு சுமதி மெதுவா சொன்னாங்க. சுமதியைப் பார்த்ததும் எல்லாரும் வேலையை விட்டுட்டுத் திரும்பினாங்க. நான் முன்னாடி போனேன்.

"வாய்ஸ்ல பேசினது நான்தாங்க. ஜெயசித்ரா. நான் சொன்னது தப்பு."

ஒரு தடவை சொன்னப்புறம் மீதி தானா வந்துச்சு. ரெண்டு போட்டோவையும் காட்டினேன், வெட்டைக் காட்டினேன், காசை ஒவ்வொருத்தர் கையிலேயும் குடுத்து நகத்தால தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அரியமுத்து கண்ணாடி போட்டும் காசைத் தூரமா பிடிச்சுப் பார்த்தார், பவர் பத்தாதுன்னு தெரிஞ்சுச்சு. சுமதி தானே முன்வந்து, "கழுவினேங்க. கழுவக் கூடாதுன்னு தெரிஞ்சே கழுவினேன். அது என் தப்புதான். மாத்தல"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க. அரியமுத்து காசை ரெண்டு மூணு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "நம்ம காசுதான்"னுட்டு வளர்மதி கையில குடுத்தார்.

வளர்மதி என் பக்கம் திரும்பினாங்க. முகம் சிவந்திருந்துச்சு. "அப்ப நீங்க சொல்லப்போய்த்தானே மேடம் இவ்வளவும்? விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா நாங்க நம்பத்தானே செய்வோம்? சுமதி, நீயே சொல்லு. நான் என்ன பண்ணுவேன்?"

ஆமாங்க, என்னாலதான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுதான் நியாயம்னு எனக்குத் தோணுச்சு. சுமதி என்னைப் பேச விடல.

"இவங்க காசைப் பார்த்ததே இல்லக்கா. போட்டோவைத்தான் பார்த்தாங்க, தப்பா சொல்லிட்டாங்க. நீங்க என்னை இருபத்தஞ்சு வருஷமா நேர்ல பார்த்தீங்க."

குரலை உசத்தவே இல்ல. வளர்மதி அப்படியே பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. யாரோ காப்பி போடச் சொன்னாங்க, யாரும் எழுந்திரிக்கல. அறிவரசன் பந்தல் காலை விட்டுட்டு வந்து, "வண்டி இருக்கு, வா, வூட்டுக்குப் போலாம்"னார். சுமதி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாங்க.

"நான் பஸ்ல வரேன்"னுட்டு மஞ்சப்பையை எடுத்துக்கிட்டு நடந்தாங்க. நானும் கூடவே போனேன். பஸ் ஸ்டாப்புல நின்னோம். எனக்குத்தான் பொறுக்காது. "ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் போவீங்களா?"ன்னு கேட்டேன்.

"போகாம? முன்வரிசையில போய் உட்காருவேன். நான் எதுக்குங்க ஒளியணும்? அவங்கதான் என் மூஞ்சியைப் பார்க்க முடியாம முழிக்கட்டும்." சொல்லிட்டு முதல் தடவையா அழுதாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். பெரம்பலூர் பஸ் வந்துச்சு, ஏறினோம்.